மறதி யாருக்குக் குணம், யாருக்குக் குற்றம்?

என் மகளின் நான்காம் வகுப்பு டைரியில் சிவப்பு மையில் 31 குறிப்புகள் இருந்தன. ‘வகுப்பில் கவனிப்பதில்லை.’ ‘வீட்டுப்பாடம் பாதியில் நிற்கிறது.’ ‘மூன்றாவது தண்ணீர் பாட்டிலையும் தொலைத்துவிட்டாள்.’ ஒவ்வொன்றின் கீழும் ‘பெற்றோர் கையொப்பம்’ என்று அச்சிட்ட கோட்டில் என் கையெழுத்து. கட்டண ரசீது மட்டும் அவள் அப்பா பெயரில் வரும். பணம் என்றால் அப்பா, புகார் என்றால் அம்மா.

அவளுக்கு ஏ.டி.எச்.டி. என்னும் கவனக் குறைபாடு இருப்பது பத்து வயதில்தான் தெரிந்தது. என் நாத்தனார் மகனுக்கு ஆறு வயதிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அவன் பெஞ்சு மேல் ஏறிக் குதித்தான், பக்கத்துப் பையனின் நோட்டைக் கிழித்தான். பாடம் நடத்த முடியவில்லை என்று பள்ளியே டாக்டரிடம் அனுப்பியது. என் மகளோ ஜன்னலோரம் உட்கார்ந்து வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் தொந்தரவில்லை. தொந்தரவு தராத பெண் பிள்ளையை யாரும் டாக்டரிடம் அனுப்புவதில்லை, திட்டுவதோடு சரி.

இது ஒரு பள்ளியின் கோளாறு அல்ல. 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி உரையாற்றியபோது, அவர் பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஆண் பிள்ளைகள். துள்ளிக் குதிக்காத குழந்தைக்கும் கவனக் குறைபாடு இருக்கலாம் என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1980இல்தான் எழுதியது. குதிக்கும் பையனை வைத்தே இந்தக் குறைபாட்டின் படம் வரையப்பட்டது. அதே கையேட்டின் 2013 பதிப்பு, குழந்தைகளில் ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்கிறது. பெரியவர்களில் இந்த இடைவெளி குறைகிறது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்றும் அதே கையேடு சொல்கிறது. அப்படியானால், சிறுவயதில் வெறும் திட்டை மட்டுமே வாங்கி வளர்ந்த பெண்கள் எத்தனை பேர்?

பெண் பிள்ளைகளின் நட்பில் சட்டங்கள் அதிகம். குறுக்கே பேசக் கூடாது. ரகசியத்தை உளறக் கூடாது. யார் யாரோடு ‘டூ’ விட்டிருக்கிறாள் என்பது நினைவில் இருக்க வேண்டும். என் மகள் மூன்றிலும் தோற்றாள். எங்கள் குடியிருப்பில் ஒரு பிறந்தநாள் முடிந்து, பிள்ளைகள் ரிட்டர்ன் கிஃப்ட்டோடு படியேறியபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. “அம்மா, அவங்க கூப்பிடலையா, இல்ல கூப்பிட்டதை நான் மறந்துட்டேனா?” என்று கேட்டாள்.

வீட்டில் விசாரணை இல்லாமலே தீர்ப்பு வந்தது. “நீ வேலைக்குப் போயிட்டா பிள்ளையை யார் பார்க்கிறது?” என்றார் மாமியார். “ரெண்டு போட்டா சரியாயிடும்” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். “இன்னொரு வீட்டுக்குப் போற பொண்ணு” என்று எல்லோரும் சொன்னார்கள்.

“குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா?” என்று டாக்டர் கேட்டார். கேட்கக் காரணம் இருக்கிறது. இதில் மரபின் பங்கு 74 சதவீதம் அளவுக்கு இருக்கும் என்று இரட்டையர் ஆய்வுகள் கணக்கிடுகின்றன. மாமியார் சிரித்துக்கொண்டே சொன்னார்: “இவன் ஒரே மழைக்காலத்துல மூணு குடை தொலைச்சானே!” மகன் தொலைத்த குடை வேடிக்கைக் கதை. பேத்தி தொலைத்த பாட்டில் வளர்ப்புக் குறை.

என் கணவருக்கும் இது இருக்கிறதா என்று யாரும் சோதித்ததில்லை. அதற்குத் தேவையே வரவில்லை. அவருக்காக நினைவு வைத்துக்கொள்ள முதலில் ஓர் அம்மா இருந்தார், பிறகு நான். கரண்ட் பில், அவருடைய மாத்திரை, அவர் அக்காவின் கல்யாண நாள் எல்லாம் என் தலையில். ஆணின் மறதிக்கு நம் சமூகம் எப்போதோ மருந்து கண்டுபிடித்துவிட்டது. அதன் பெயர் மனைவி. என் மகளுக்கு அந்த மருந்து கிடைக்காது. அவளையே இன்னொருவருக்கு அந்த மருந்தாக வளர்க்கச் சொல்கிறார்கள்.

சட்டமும் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் கற்றல் குறைபாடு உண்டு, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. ஆனால் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், அடிப்பதோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. வகுப்பின் முன் நிறுத்தி ‘மறதி ராணி’ என்று சிரிக்க வைப்பது மன உளைச்சல் இல்லையா?

ஆசிரியராகப் போகும் மாணவிகளே, ஜன்னலோரச் சிறுமியைப் பாருங்கள். அவளை முன் பெஞ்சுக்கு அழையுங்கள். ஐந்து வேலைகளை ஒரே மூச்சில் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், பலகையில் எழுதியும் போடுங்கள். டைரியில் ‘தந்தையின் கவனத்துக்கு’ என்று ஒருமுறையாவது எழுதுங்கள்.

இந்த வருட டைரியின் முதல் குறிப்பை அவள் அப்பாவிடம் நீட்டினேன். “நீயே போட்டுடேன்” என்றார். நான் போடவில்லை. டைரி இரண்டு நாள் மேசையிலேயே கிடந்தது. மூன்றாம் நாள்தான் கையெழுத்து விழுந்தது. தாமதத்துக்கு மகள்தான் மிஸ்ஸிடம் திட்டு வாங்கினாள். அது என்னை உறுத்துகிறது. ஆனாலும் அந்தக் கோட்டில் இனி நான் மட்டுமே கையெழுத்துப் போடப்போவதில்லை.