பிராக் நகரில் நடைபாதையான கல்லறைகள்

செக் குடியரசின் தலைநகர் பிராக். அங்கே செல்லும் சுற்றுலாப் பயணிகள் தவறாமல் பார்க்கும் இடம் பழைய யூதர் கல்லறைத் தோட்டம். அங்குள்ள மிகப் பழைய கல் 1439ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1609இல் மறைந்த புகழ்பெற்ற மதகுரு ரபி லோவின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.

சின்னஞ்சிறு இடத்தில் சுமார் 12,000 கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. ஏன் இத்தனை நெருக்கம்? யூதர்களுக்கு ஊருக்குள் வேறு நிலம் கிடைக்கவில்லை. பழைய கல்லறையைத் தோண்டி எடுப்பதையோ அவர்களுடைய மதம் அனுமதிப்பதில்லை. எனவே மேலே மண்ணைக் கொட்டி, அதில் அடுத்தவரைப் புதைத்தார்கள். பழைய கற்களையும் மேலே தூக்கி நட்டார்கள். சில இடங்களில் இப்படி 12 அடுக்குகள் வரை இருப்பதாகச் சொல்கிறார்கள்!

ஊருக்குள் புதைப்பது சுகாதாரக் கேடு என்று 1787இல் இந்த இடம் மூடப்பட்டது. மூடினார்களே தவிர, கல்லறையைக் கலைத்துவிடவில்லை. இது முக்கியம்.

ஏனென்றால் அதே ஊரில் இன்னொரு கதையும் உண்டு. ஜிஷ்கோவ் பகுதியில் 1680இல் கொள்ளைநோய்க் காலத்தில் தொடங்கிய யூதர் கல்லறை ஒன்று இருந்தது. கம்யூனிஸ்ட் ஆட்சியில் அதன் பெரும்பகுதி பூங்காவானது. 1985இல் ஒரு பகுதியில் தொலைக்காட்சிக் கோபுரம் கட்டத் தொடங்கினார்கள். அதே காலத்தில் வேறு யூதர் கல்லறைகளின் கற்களைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஊரின் மையத்தில் நடைபாதையில் பதித்தார்கள். எழுத்து இருந்த பக்கம் மண்ணுக்குள்! 2020இல் வென்செஸ்லாஸ் சதுக்கத்தைப் பழுதுபார்த்தபோது, புரட்டிய கற்களில் ஹீப்ரு எழுத்துகள் தெரிந்தன. முப்பது வருடங்களுக்கும் மேலாக மக்கள் அவற்றின் மேல்தான் நடந்திருக்கிறார்கள்.

யாரும் ஏன் தடுக்கவில்லை? தடுக்க வேண்டிய பிள்ளைகளும் பேரன்களும் உயிரோடு இல்லை. நாஜிகள் கொன்ற செக் யூதர்கள் சுமார் 80,000 பேர். அவர்களின் பெயர்கள் பழைய கல்லறையை ஒட்டிய பிங்காஸ் ஜெபக்கூடத்தின் சுவர்களில் எழுதப்பட்டுள்ளன.

"இருப்பவர்களுக்கே இடமில்லை, செத்தவர்களுக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் 1787இல் உயிரோடு இருப்பவர்களின் நலனும் காக்கப்பட்டது, கல்லறையும் பிழைத்தது. இரண்டும் சாத்தியம் என்பதற்கு அதுவே சாட்சி. நடைபாதைக்கு வேறு கல்லா கிடைக்கவில்லை?

புகழ்பெற்ற ரபி இருக்கும் இடத்தைப் பார்க்க டிக்கெட் வாங்கி வருகிறார்கள், அதனால் அது பிழைத்துக்கொள்ளும். பெயர் தெரியாத தையற்காரரும் அவர் மனைவியும் கிடக்கும் சிற்றூர்க் கல்லறைக்கு யார் வருவார்கள்? வாரிசு இல்லாத கல்லறைக்கு அந்த ஊரும் அரசும்தான் வாரிசு. சுற்றுச்சுவர் எழுப்புவதும், கற்களைப் படித்துப் பதிவு செய்வதும் அவர்கள் கடமை. அதைத் தானமாகவோ சலுகையாகவோ நினைக்கக் கூடாது.

பிராக்கில் கண்டெடுத்த கற்கள் யூத சமூகத்திடம் திரும்பிவிட்டன. 2022இல் ஜிஷ்கோவில் எஞ்சியிருக்கும் கல்லறைப் பகுதியில் அவற்றைக் கொண்டே நினைவுச்சின்னம் அமைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் துண்டு துண்டாக வெட்டிய கல்லில் முழுப்பெயர் இல்லை. எந்தத் துண்டு யாருடையது என்று இனி எப்படிச் சொல்வது?