உயரம் கூடினால் கோணமும் மாறும்!

மாணவர்களே, பாலேக் பூலாவிலிருந்து தெலுக் பஹாங்கிற்கு மலைச்சாலை வழியாகப் போயிருக்கிறீர்களா? வளைவுக்கு மேல் வளைவு. அங்கே பெரிய டயர்களோடு, உயர்த்தப்பட்ட ஒரு ஜிம்னி எதிரே வந்தால் திரும்பிப் பார்க்கத்தான் தோன்றும். கல்லும் மேடும் அடியில் இடிக்காமல் காட்டுப் பாதையில் செல்லவே அப்படி உயர்த்துகிறார்கள். அதில் தவறில்லை. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் தவறு.

சுசுகி ஜிம்னியின் முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே ஆக்சிலில் இணைந்தவை. அந்த ஆக்சில் பக்கவாட்டில் நகராதபடி, ஒரு சாய்ந்த கம்பி அதை வண்டியின் சட்டத்தோடு பிடித்துக்கொள்கிறது. இப்போது பைத்தாகரஸ் தேற்றத்தை நினைவுகூருங்கள். கம்பியின் நீளம் 80 செ.மீ., இரு முனைகளின் உயர வேறுபாடு 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கிடைமட்டத் தூரம் 79.4 செ.மீ. வண்டியை 5 செ.மீ. உயர்த்தினால் அது 78.6 செ.மீ. ஆகும். அதாவது, ஆக்சில் ஏறக்குறைய 8 மி.மீ. ஒரு பக்கம் நகர்ந்துவிடும்! ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் சாய்வும் மாறுவதால், நேராக ஓடும்போதும் ஸ்டீயரிங் கோணலாக நிற்கலாம்.

அடுத்தது, காஸ்டர் கோணம். பேரங்காடித் தள்ளுவண்டியின் முன்சக்கரம், தன் சுழல் தண்டுக்குச் சற்றுப் பின்னால் தரையைத் தொடுகிறது. அதனால் தள்ளும் திசைக்குத் தானே திரும்பிக்கொள்கிறது. வாகனத்தில், சக்கரம் திரும்பும் தண்டின் மேல்முனையைப் பின்னோக்கிச் சாய்த்து இதே பயனைப் பெறுகிறார்கள். வண்டியை உயர்த்தும்போது ஆக்சில் சற்றுச் சுழன்று, அந்தச் சாய்வு குறைகிறது. தானாக நேராகும் குணமும் குறைந்து, வேகத்தில் வண்டி அலைபாயும்.

"அலைன்மென்ட் பார்த்தாயிற்றே!" என்பார்கள் சிலர். இவ்வகை ஆக்சிலில் வழக்கமான அலைன்மென்ட், சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பதைத்தான் பெரும்பாலும் சரிசெய்யும். காஸ்டரை மீட்கத் தனி புஷ்கள் வேண்டும். பக்கவாட்டு நகர்வைச் சரிசெய்ய, நீளத்தை மாற்றக்கூடிய கம்பி வேண்டும்.

இத்தகைய மாற்றங்களுக்கு 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் ஜேபிஜே அனுமதியும் தேவை. வீண் அலைச்சல் என்று அலுத்துக்கொள்வோர் உண்டு. ஆனால், நம் நாட்டில் 16 வயதிலேயே மோட்டார் சைக்கிள் உரிமம் பெறலாம். அந்த மலை வளைவில் எதிரே வருவது நாளை நீங்களாகவும் இருக்கலாம்.

ஆகவே, அண்ணனோ மாமாவோ வண்டியை உயர்த்தப் போவதாகச் சொன்னால், "எத்தனை அங்குலம்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "காஸ்டர் எத்தனை பாகை?" என்றும் கேளுங்கள்.