பால்வாடிக்கு இன்னும் ஒரு ஆள்

ப்ரீகேஜி சேர்க்கை பேனர்களைப் பார்த்துப் பார்த்து இந்த வாரம் எரிச்சல் தலைக்கேறிவிட்டது. மூன்று வயதில் அபாகஸாம், ஆங்கிலப் பேச்சாம்! ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆடு வாங்குகிறவர்கூடப் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் விலை பேசுவார். நாம் பேனரை நம்பிப் பணம் கட்டுகிறோம். அது கிடக்கட்டும், அந்தப் பணத்தைப் புரட்ட முடியாத, அம்மா ஷூ கம்பெனி வேலைக்குப் போகும் வீடுகளைப் பார்ப்போம். முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பறை வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. ஆனால் ஷூ கம்பெனி வண்டியில் மாதனூர் வழியாக ஆம்பூர்வரை இரண்டு வயதுப் பிள்ளையை யார் இழுத்துக்கொண்டு போவார்? பாட்டி இருக்கிறாளே என்பார்கள். பல வீடுகளில் பாட்டியும் ஷூ அப்பர் தைத்துக்கொண்டிருக்கிறாள். ஆக, ஊர்ப் பால்வாடிதான் கதி.

அங்கே ஒரு டீச்சர், ஒரு ஆயா. ஆயா அடுப்படியில். டீச்சரோ பதிவேட்டில்: எடை, சத்துமாவு, தடுப்பூசி, கர்ப்பிணிகள் கணக்கு. 2021-இல் போஷன் டிராக்கர் என்ற செயலி வந்து கணக்கு செல்போனுக்குள் போனது. எழுதுகிற ஆள் மட்டும் அதே ஆள். கதையும் பாட்டும் மிச்ச நேரத்துக்குத்தான். இதற்கு மருந்து என்ன என்று தமிழ்நாட்டிலேயே சோதித்திருக்கிறார்கள். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட மூன்று பொருளாதார அறிஞர்கள் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதியில் மட்டும் அரைநாள் வேலைக்கு ஒருவரைக் கூடுதலாக அமர்த்திப் பார்த்தார்கள். பாடத்துக்குக் கிடைத்த நேரம் இரட்டிப்பானது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முந்தினார்கள். வளர்ச்சி குன்றலும் கடும் ஊட்டச்சத்துக் குறைவும்கூடக் குறைந்தன. முட்டையைக் கூட்டியதால் அல்ல, டீச்சருக்குக் கை ஒழிந்ததால்.

ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட மையங்களுக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்று கேட்பது நியாயம்தான். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோதும் இதே கேள்வி வந்தது. கட்டடமும் அடுப்பும் ஆயாவும் ஏற்கெனவே இருக்க, சேர்வது அரைச் சம்பளம் ஒன்றே. ‘2019-இலேயே எல்கேஜி தொடங்கினோமே’ என்பார்கள் சிலர். தொடங்கியது 2,381 மையங்களில். அவையும் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்தவை. ஜவ்வாது மலையடிவாரத்துக் குக்கிராமத்துப் பிள்ளைக்கு அது எட்டாது. அங்கே எட்டுவது, பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்துவிட்டுக் கம்பெனிக்குப் போகாமல் ஊரிலேயே இருக்கும் பெண்தான். பரிசோதனையில் அமர்த்தியதும் அவளைப் போன்ற உள்ளூர்ப் பெண்களைத்தான்.