இரும்புக்கு என்ன குறைச்சல்?

மதுரையில் மவுன்டன் பைக் வாங்க நினைக்கும் ஒருவருக்குக் கடைக்காரரும் வார இறுதி ரைடு நண்பர்களும் ஒரே ஏணியைத்தான் காட்டுகிறார்கள். கீழ்ப்படியில் இரும்பு, நடுவில் அலுமினியம், உச்சியில் கார்பன். காசு இருக்கிற வரைக்கும் ஏற வேண்டியது, எந்தப் படியில் காசு தீர்கிறதோ அதுதான் உங்கள் சைக்கிள். அந்த ஏணியே தப்பு என்பது என் கட்சி. ஃபிரேம் எதில் இருக்க வேண்டும் என்பதைத் தராசு முடிவு செய்யக் கூடாது. அடிபடுகிற அன்றைக்கு அதற்கு என்ன ஆகும், அதை யார் சரி செய்வார்கள் என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

முதலில் நாம் ஓட்டுகிற மண்ணைப் பார்ப்போம். நாகமலை அடிவாரம், கீழக்குயில்குடி சமணர் மலையைச் சுற்றிய பாதை, அரிட்டாபட்டிப் பாறைகள், கண்மாய்க் கரைகள், பாதி அழிந்த வண்டித்தடங்கள். தடதடவென்று கல், திடீரென்று பள்ளம், எங்கு பார்த்தாலும் சீமைக்கருவேல முள். மழை பெய்தால் கரிசல் மண் டயரோடு சேர்ந்து உருண்டு ஃபிரேமில் அடைத்துக்கொள்ளும். நீண்ட ஏற்றம் வேண்டுமென்றால் சிறுமலைக்குப் போக வேண்டும், அதுவும் தார் ரோடு.

இங்கே ஒரு கிலோவின் மதிப்பு என்ன? நல்ல குரோமாலி ஸ்டீல் ஃபிரேம் சுமார் 2 முதல் 2.5 கிலோ. அலுமினியம் ஒன்றரையிலிருந்து 2. கார்பன் ஒரு கிலோவை ஒட்டி வரும். ஆள் 70 கிலோ, சைக்கிள் 12, தண்ணீர் 2, ஆக 84. இதில் ஒரு கிலோ குறைத்தால் 1.2 சதவீதம். ஒரு மணி நேரம் விடாமல் ஏறினால் 43 விநாடி மிச்சம். சமதரையில் அதுவும் கிடையாது, அங்கே எதிர்க்காற்றோடுதான் சண்டை. சித்திரை வெயிலில் 2 லிட்டர் தண்ணீர் இல்லாமல் யாரும் கிளம்புவதில்லை. ஒரு லட்சம் கொடுத்து இறக்கிய எடையைப் போல இரண்டு மடங்கைப் பாட்டிலில் ஏற்றிக்கொண்டு போகிறோம்.

போட்டியில் 43 விநாடி பெரிசு இல்லையா என்றால், பெரிசுதான். உதிரி ஃபிரேமும் கூடவே மெக்கானிக்கும் இருக்கிற வீரர் கார்பனில்தான் ஓட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை அழகர்கோவில் பக்கம் போய் இட்லி சாப்பிட்டுத் திரும்புகிறவருக்கு அந்த நியாயத்தை ஏன் விற்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இரும்பு மேல் நமக்கு இருக்கும் இளக்காரம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததுதான். பால் கேன் கட்டிய சைக்கிள், தண்ணீர்க்குடம் தொங்கிய சைக்கிள், பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள். 20 கிலோவைத் தொடும் அந்த வண்டிகள் சாதா ஸ்டீல், தடித்த குழாய். குரோமியமும் மாலிப்டினமும் கலந்த குரோமாலி வேறு ஜாதி. வலு அதிகம் என்பதால் குழாயை மெல்லிசாக இழுக்கலாம். ஒட்டு வருகிற முனைகளில் 0.9 மில்லிமீட்டர், நடுவில் 0.6 என்று கூட வைக்கலாம். முனையில் தடித்து நடுவில் மெலியும் இந்தக் குழாய்க்கு பர்மிங்காமின் ரெனால்ட்ஸ் 1897லேயே காப்புரிமை வாங்கிவிட்டது. 1935இல் வந்த அவர்களுடைய 531 குழாயில்தான் ஐரோப்பியப் பந்தய வீரர்கள் பல பத்தாண்டுகள் ஓட்டினார்கள்.

எனக்கு வயிறு எரிவது இதற்கு அடுத்த தகவலில். 1928இல் ரெனால்ட்ஸை வாங்கிய நிறுவனம் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ். அதே நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்துதான் முருகப்பா குழுமம் 1949இல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கியது. 1955இல் ஆவடியில் குழாய்த் தொழிற்சாலையும் வந்தது. உலகின் பேர்போன சைக்கிள் குழாயோடு நமக்கு அவ்வளவு கிட்டத்து உறவு. இன்றைக்கு மதுரைக் கடை ஒன்றில் குரோமாலி ஹார்ட்டெயில் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். கேட்க ஆள் இல்லை, அதனால் கொண்டுவருவதில்லை. ஏணியில் கீழ்ப்படி என்று சொல்லிக்கொடுத்த பொருளை யார் கேட்பார்கள்?

இரும்புப் பக்தர்களின் கதையையும் நான் நம்பச் சொல்லவில்லை. ‘ஸ்டீல்னா சும்மா மிதந்துக்கிட்டுப் போகும்’ என்பார்கள். ஃபிரேம் மேலும் கீழுமாக வளைவது மில்லிமீட்டர் கணக்கில். 2.2 அங்குல டயர் 20 பிஎஸ்ஐ காற்றில் சென்டிமீட்டர் கணக்கில் அமுங்கும். சொகுசு வேண்டுமென்றால் டயருக்குச் செலவு பண்ணுங்கள். எடைக்கு எடை விறைப்பிலும் வித்தியாசம் இல்லை. ஸ்டீலின் அடர்த்தி அலுமினியத்தைப் போல சுமார் மூன்று மடங்கு, விறைப்பும் கிட்டத்தட்ட அதே மூன்று மடங்கு. கணக்கு நேர்.

வித்தியாசம் சோர்விலும் சேதத்திலும் இருக்கிறது. ஸ்டீலுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழே எத்தனை லட்சம் முறை குலுக்கினாலும் உலோகம் சோர்வதில்லை. அலுமினியத்துக்கு அப்படி எல்லை கிடையாது, ஒவ்வொரு குலுக்கலும் கணக்கில் ஏறும். அதனால்தான் அதைத் தடியாகச் செய்கிறார்கள். கார்பன் சோர்வைத் தாங்குவதில் கெட்டி. கூரான கல் அடித்தால்தான் சிக்கல். உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்.

அரிட்டாபட்டிப் பாறையில் சைக்கிள் சாய்கிறது என்று வையுங்கள். ஸ்டீல் நசுங்கும், வளையும், நசுங்கியது கண்ணுக்குத் தெரியும். பித்தளை உருக்கி ஒட்டவும் கேஸ் வெல்டிங் போடவும் தெரிந்த பட்டறை ஊரில் இருக்கிறது. லாரி சேசிஸ் ஒட்டுகிறவரிடம் மட்டும் போகாதீர்கள், மெல்லிய குழாய் ஒட்டிப் பழகிய கையைத் தேடுங்கள். அலுமினியம் விரிந்தால் ஆர்கான் வெல்டிங் போடலாம். ஆனால் தொழிற்சாலையில் உலையில் வைத்து ஏற்றிய டி6 பதம் அந்த இடத்தில் போய்விடும், மறுபடி ஏற்றத் தெருவில் உலை இல்லை. கார்பனையும் பழுதுபார்க்க முடியும். அதற்குத் தேர்ந்த ஆளைத் தேடிப் பெருநகரம் போக வேண்டும், அதுவரை உள்ளே என்ன ஆனது என்று தெரியாமல் பயந்துகொண்டே ஓட்ட வேண்டும்.

துரு? பிடிக்கும். ராமநாதபுரம் கடற்கரையில் வேகமாகப் பிடிக்கும், மதுரையின் காய்ந்த காற்றில் மெதுவாக. வருஷத்துக்கு ஒருமுறை சீட் கம்பியைக் கழற்றிக் குழாய்க்குள் எண்ணெய் விட்டால் போதும்.

கையில் முப்பது, நாற்பதாயிரம்தான் என்றால் இன்றைய சந்தையில் அலுமினியம் வாங்குவதே புத்திசாலித்தனம். தாராளமாக வாங்குங்கள். ‘அப்புறமா கார்பனுக்கு அப்கிரேட் பண்ணிக்கலாம்’ என்கிற குரலை மட்டும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மென்பொருளில் பிழைக்கிற எனக்கு இந்த வியாதி நன்றாகத் தெரியும். புது வெர்ஷன் வந்ததும் நேற்றுவரை ஓடியது கெட்டுப்போனதாக நம்ப வைக்கிற தொழில் என்னுடையது. உலோகத்துக்கு வெர்ஷன் நம்பர் கிடையாது.

இது பணக்காரர் பொழுதுபோக்கைப் பற்றிய சண்டை என்று தோன்றலாம். 2001-02இல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிப் பின்னர் விரிந்த இலவச சைக்கிள் திட்டம் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான பிள்ளைகளின் காலுக்குப் பழக்கம் கொடுத்திருக்கிறது. மேலூர்ப் பக்கக் கிராமத்திலிருந்து எதிர்க்காற்றில் தினமும் மிதித்து வருகிற பிள்ளைக்குக் க்ராஸ் கன்ட்ரிக்கு வேண்டிய நெஞ்சும் தொடையும் ஏற்கெனவே இருக்கிறது. விளையாட்டே கார்பனில்தான் தொடங்குகிறது என்று சொன்னால் அந்தப் பிள்ளை வாசலிலேயே நின்றுவிடும். நம்மூரிலேயே ஒட்டக்கூடிய, கை மாறினாலும் இருபது வருஷம் ஓடக்கூடிய ஒரு ஃபிரேம் இருந்தால் உள்ளே வரும்.

அடுத்த முறை கடைக்குப் போனால் எடை என்ன என்று கேட்காதீர்கள். நசுங்கினால் எங்கே கொண்டுபோவது என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால், குரோமாலி எப்போது வரும் என்று கேட்டுவிட்டு வாருங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்காவது வரவழைத்து வைப்பார்கள்.