ஓடாத காணொளி அழிந்த காணொளி அன்று

சென்ற மாதம் ஓர் இரவு ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்திலிருந்து ஓர் இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். என் களப்பணிக் கிராமத்தைச் சேர்ந்தவர், கல்லூரியில் படிக்கிறார். "தீதி, பாட்டியின் படம் கெட்டுப்போய்விட்டது. குரல் கேட்கிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது" என்றார். பாட்டி காலமாகி ஓராண்டு நிறைந்த நாள் அது. உறவினர் அனைவரும் கூடியிருக்க, நான் முன்பு கொடுத்துவிட்டு வந்த பென் டிரைவை அவர்கள் வீட்டுக் கணினியில் இணைத்திருக்கிறார்கள். மூன்று முறை முயன்றும் படம் தெரியவில்லை. கெட்டுப்போன கோப்புக்கு இடம் எதற்கு என்று எண்ணி அவர் அதனை அழித்தும் விட்டார்.

அந்தக் கோப்பு கெடவில்லை. அதன் மூலப்படி என்னிடம் இரண்டு இடங்களில் பத்திரமாக இருக்கிறது. கெட்டது கோப்பன்று, அதனை நான் கொடுத்த விதம். மொழி ஆவணப்படுத்தலில் ஈடுபட்டுள்ள நாம் இதைப் பற்றிப் போதிய அளவு பேசுவதில்லை என்பதால் இப்பதிவு சற்று நீளமாக அமைகிறது. பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நான் ஆய்வு செய்யும் மொழி ஒல்லாரி. கோலாமி, பர்ஜி முதலியவற்றோடு நடுத் திராவிடக் கிளையில் வைத்து எண்ணப்படும் மொழி. இதனைப் பேசுவோரையும், முண்டா குடும்பத்தைச் சேர்ந்த குதோப் மொழி பேசுவோரையும் புறத்தார் 'கதபா' என்னும் ஒரே பெயரால் அழைக்கின்றனர். இளையோர் வீட்டுக்கு வெளியே பெரும்பாலும் தேசியா ஒடியாவிலேயே உரையாடுகின்றனர். இத்தகைய சூழலில் ஒரு மூதாட்டியின் 40 நிமிடக் கதை வெறும் தரவு ஆகாது. அவர் மறைந்தபின் அவருடைய கையசைவோடும் முகக்குறிப்போடும் அக்கதை வாழும் ஒரே இடம் அந்தக் கோப்புதான். அதனை அவருடைய பேரன் தம் வீட்டில் இயக்கிப் பார்க்க முடியாவிட்டால், ஆவணப்படுத்தினோம் என்று நாம் சொல்லிக்கொள்வதற்கு என்ன பொருள்?

முதலில், நிகழ்ந்தது என்ன என்பதை விளக்குகிறேன். கோப்பின் பெயருக்குப் பின்னால் 'எம்.பி.4' என்று இருந்தால் அது எங்கும் ஓடும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். எம்.பி.4 என்பது ஒரு கொள்கலம் மட்டுமே. அதற்குள் படமும் ஒலியும் தனித்தனி ஓடைகளாக, தனித்தனி முறைகளில் சுருக்கப்பட்டு வைக்கப்பட்டிருக்கும். அந்தச் சுருக்கும் முறைக்கும் அதனை விரிக்கும் நிரலுக்கும் சேர்த்து வழங்கும் பெயரே கோடெக். மொழியியலாளருக்கு இதனை விளக்க எளிய உவமை உண்டு. அரபு எழுத்தில் எழுதப்பட்ட அர்வி நூல் ஒன்றைக் காண்பவர் அதனை அரபு மொழி என்று கருதக்கூடும். வாய்விட்டுப் படித்தால் தமிழ் ஒலிக்கும். எழுத்து வேறு, மொழி வேறு. கோப்பின் பின்னொட்டு எழுத்தைப் போன்றது. கோடெக் மொழியைப் போன்றது. எழுத்தை அறிந்த கணினி மொழியை அறிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அந்த வீட்டுக் கணினிக்கு ஒலி ஓடையின் மொழி தெரிந்திருந்தது. பட ஓடையின் மொழி தெரியவில்லை. எங்கள் துறையிலிருந்து இரவல் பெற்ற ஒளிப்படக் கருவி எச்.265 என்னும் முறையில், 10 பிட் நிற ஆழத்தில் பதிவு செய்திருந்தது. 2003இல் வெளியான எச்.264 இன்று ஏறத்தாழ எல்லாக் கருவிகளிலும் ஓடுகிறது. 2013இல் வந்த எச்.265 குறைந்த இடத்தில் ஒத்த தரத்தைத் தருகிறது. ஆயின் அதனை விரிக்க மிகுந்த கணக்கீடு தேவை. அதன் காப்புரிமைகள் ஒன்றுக்கு மேற்பட்ட குழுமங்களின் கையில் இருப்பதால் உரிமச் சிக்கலும் உண்டு. ஆகவே அது எல்லாக் கணினிகளிலும் இயல்பாக அமைந்திருப்பதில்லை. பழைய கணினியின் வரைகலைச் சில்லு அதனை அறியாது. முழுச் சுமையும் மையச் செயலியின் தலையில் விழும்போது படம் திக்கித் திணறும், அல்லது தோன்றவே தோன்றாது.

இதனை ஒருவர் தம் வீட்டிலேயே கண்டறிய முடியும். நாம் முதுகலை முதலாண்டில் கற்கும் குறைந்தபட்ச வேற்றுமை இணையின் தருக்கமே இதற்குப் போதும். 'கல்', 'கள்' என்னும் இணையில் பிற யாவும் ஒத்திருக்க ஓர் ஒலி மட்டும் மாறுவதாலேயே லகரமும் ளகரமும் தனித்தனி ஒலியன்கள் என்று நிறுவுகிறோம். காணொளி ஓடாதபோதும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். பதற்றத்தில் ஐந்தை ஒருசேர மாற்றினால், ஓடினாலும் ஏன் ஓடியது என்று தெரியாது.

முதலில் கோப்பு முழுமையாக வந்து சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். மூலத்தின் அளவையும் படியின் அளவையும் ஒப்பிட்டாலே பாதி ஐயம் தீரும். பல பென் டிரைவுகள் எஃப்.ஏ.டி.32 என்னும் பழைய அமைப்பில் இருப்பதால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அவை ஏற்கா. அடுத்து, கோப்பைக் கணினியின் உள் வட்டுக்கு நகலெடுத்து இயக்க வேண்டும். அங்கே தடையின்றி ஓடினால் குறை பென் டிரைவின் வேகத்தில் இருக்கிறது. மூன்றாவதாக, அதே கோப்பை வேறோர் இயக்கியில் திறக்க வேண்டும். பாரிசில் மாணவர் திட்டமாகத் தோன்றி 2001இல் கட்டற்ற மென்பொருளாக வெளியான வி.எல்.சி பெரும்பாலான கோடெக்குகளைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது. அதில் ஓடிப் பிறிதொன்றில் ஓடாவிட்டால் கோப்பின்மீது குற்றமில்லை.

நான்காவதாக, படம் பச்சையாகவோ கட்டங்கட்டமாகவோ சிதறினால், இயக்கியின் அமைப்புகளில் வன்பொருள் முடுக்கத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். சிதறல் நின்றால் வரைகலைச் சில்லையோ அதன் இயக்கு நிரலையோ ஐயுறலாம். படம் திணறும் வேளையில் செயலியின் பயன்பாடு நூறு விழுக்காட்டைத் தொட்டு நின்றால் கணினிக்கு ஆற்றல் போதவில்லை என்று பொருள். இறுதியாக, மீடியாஇன்ஃபோ என்னும் சிறு மென்பொருளில் கோப்பைத் திறந்தால் கொள்கலம், கோடெக், நிற ஆழம், நொடிக்கு எத்தனைச் சட்டகம் என்பன யாவும் ஒரே பக்கத்தில் தெரியும். கோப்புக்கு அது ஓர் இலக்கணக் குறிப்பு.

இவ்வரிசையில் 'அழித்தல்' என்னும் படி எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இதனை அந்த இளைஞருக்குச் சொல்லும் தகுதி எனக்கு முழுமையாக இல்லை. என் முதல் களப்பயணத்தில் அதே பாட்டி விதைப்புச் சடங்கைப் பற்றி விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது கருவியின் மின்கலம் தீர்ந்து பதிவு இடையில் நின்றது. அன்றிரவு அக்கோப்பு எந்த இயக்கியிலும் திறக்கவில்லை. பழுதுபட்டது என்று முடிவு செய்து, மறுநாள் பதிவுக்கு இடம் வேண்டி, நானே அதனை அழித்தேன். எம்.பி.4 கோப்பின் உள்ளடக்க அட்டவணை பொதுவாகப் பதிவு முடியும்போதுதான் எழுதப்படுகிறது என்பதைப் பின்னரே அறிந்தேன். மின்சாரம் இடையில் அறுந்தால் அட்டவணை மட்டுமே இராது. அதுவரை பதிவான படமும் குரலும் பெரும்பாலும் உள்ளேயே கிடக்கும். அதே கருவியில், அதே அமைப்பில் எடுத்த ஒரு நல்ல கோப்பை முன்மாதிரியாகக் கொடுத்து அட்டவணையை மீட்டெழுதும் கட்டற்ற கருவிகள் இருக்கின்றன. அடுத்த பயணத்தில் அச்சடங்கைப் பற்றி மீண்டும் கேட்டேன். "அதைத்தான் அன்றே சொல்லிவிட்டேனே" என்று சிரித்தார். சுருக்கமாகவே சொன்னார். அதற்கடுத்த பயணத்தில் அவர் இல்லை.

இளைஞரின் அழிப்பால் இழப்பு ஏதுமில்லை. என் அழிப்பை ஈடுசெய்ய வழியில்லை. இருவரையும் அழிக்கத் தூண்டியது ஒரே பிழையான அனுமானம்: ஓடாதது அழிந்தது என்பது.

"இது தொழில்நுட்பர் வேலை, மொழியியலாளர் ஏன் இதில் காலத்தைச் செலவிட வேண்டும்?" என்று கருத்தரங்கு ஒன்றின் தேநீர் இடைவேளையில் மூத்த ஆய்வாளர் ஒருவர் கேட்டார். அவர்மீது எனக்கு மதிப்புண்டு, கருத்தில் உடன்பாடில்லை. சுவடியின் ஓலையையும் மையையும் எழுத்தமைதியையும் அறியாதவர் சுவடியைப் பதிப்பிக்கத் துணிவதில்லை. நம் சுவடி இன்று கோப்பு வடிவில் இருக்கிறது. அதன் இயல்பை அறிவது பதிப்பறிவின் ஒரு பகுதியே.

மேலும், இந்த அறியாமை ஆய்வின் உள்ளேயும் பிழையை ஏற்படுத்தும். கைபேசிகள் பலவும் நொடிக்கு இத்தனைச் சட்டகம் என்ற நிலையான வீதமின்றி, வெளிச்சத்துக்கும் சுமைக்கும் ஏற்ப மாறும் வீதத்தில் பதிவு செய்கின்றன. அத்தகைய கோப்பை அப்படியே ஈலான் மென்பொருளில் ஏற்றிக் குறிப்பெழுதினால், படத்துக்கும் ஒலிக்கும் இடையே சிறுகச் சிறுக விலகல் ஏற்படக்கூடும். சைகையும் சொல்லும் எந்தக் கணத்தில் சந்திக்கின்றன என்று ஆராய்பவருக்கு அவ்விலகல் முடிவையே மாற்றிவிடும். குறிப்பெழுதத் தொடங்குமுன் நிலையான வீதத்துக்கு மாற்றிய படியொன்றை உருவாக்கிக்கொள்வது நல்லது.

அறம் சார்ந்த கேள்வியும் இதில் உண்டு. கோப்பு ஓடவில்லை என்றால் நம் மாணவர்கள் முதலில் செய்வது, இலவசமாக மாற்றித் தருவதாகச் சொல்லும் ஏதோ ஓர் இணையத்தளத்தில் அதனைப் பதிவேற்றுவது. அல்லது முன்பின் அறியாத தளத்திலிருந்து 'கோடெக் தொகுப்பு' ஒன்றை இறக்கி நிறுவுவது. இரண்டாவது, கணினிக்குள் தீநிரலை அழைத்துவரக்கூடும். முதலாவது அதனினும் தீது. ஆய்வுக்கு மட்டுமே என்று ஒப்புதல் பெற்று ஒரு முதியவரின் முகத்தையும் குரலையும் பதிவு செய்துவிட்டு, எங்கிருக்கிறது என்றே தெரியாத சேவையகத்துக்கு அதனை அனுப்புவது அவ்வொப்புதலை மீறுவதாகும். வடிவமாற்றத்தை நம் கணினியிலேயே செய்யலாம். 2000இல் தொடங்கிய எஃப்.எஃப்.எம்பெக், அதனைப் பயன்படுத்தி இயங்கும் ஹேண்ட்பிரேக் ஆகிய இரண்டும் கட்டற்றவை. இணைய இணைப்பின்றியே இயங்குபவை.

ஆகவே, என் முன்மொழிவுகள் மூன்று.

முதலாவது, ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு வடிவங்கள் வேண்டும். கருவி தந்த மூலம் ஒன்று. அதனை ஒருபோதும் திருத்தலாகாது. மற்றொன்று வீட்டுப் படி: எச்.264, 8 பிட், 720 வரிகள், ஏ.ஏ.சி ஒலி. நொடிக்கு 100 மெகாபிட் வீதத்தில் எடுத்த ஒரு மணி நேரப் பதிவு 45 ஜிபி இடத்தைப் பிடிக்கும். 2 மெகாபிட் வீதத்தில் அமைந்த வீட்டுப் படிக்கு 1 ஜிபிக்கும் குறைவான இடமே போதும். எளிய பென் டிரைவிலும் அடங்கும்; பழைய கணினியிலும் ஓடும்.

இரண்டாவது, பதிவைக் கொடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. அதனை ஏற்பவரின் கருவியில், அவர் முன்னிலையில், தொடக்கம் முதல் சில நிமிடங்களேனும் இயக்கிக் காட்ட வேண்டும். நான் கிராமத்தில் பென் டிரைவைக் கையளித்தபோது ஒளிப்படம் எடுத்துக்கொண்டேன். அதனை என் ஆய்வறிக்கையில் 'சமூகத்துக்குத் திருப்பியளித்தல்' என்னும் தலைப்பின் கீழ்ச் சேர்த்தும் விட்டேன். அந்தக் கணினியை இயக்கிப் பார்க்க 10 நிமிடம் ஆகியிருக்கும். அதனைச் செய்யவில்லை.

மூன்றாவது, களப்பணி முறையியல் பாடத்தில் இதற்கென அரை நாள் ஒதுக்க வேண்டும். 10,000 பேருக்கும் குறைவானோர் பேசும் மொழிகளை ஆவணப்படுத்தும் திட்டம் மைசூரு இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் 2013இல் உருவானது. பல்கலைக்கழகங்களிலும் மாணவர்கள் கருவிகளோடு களம் செல்கின்றனர். வடிவங்களுக்கும் ஆயுள் உண்டு என்பதை அவர்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். ஃபிளாஷ் 2020 இறுதியோடு ஓய்ந்தது; விண்டோஸுக்கான குவிக்டைம் 2016இலேயே கைவிடப்பட்டது. இன்று எங்கும் ஓடும் எச்.264க்கும் ஒரு நாள் அந்நிலை வரலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்துப் புதிய வடிவுக்கு மாற்றுவோர் இருந்தால்தான் கோப்பு நீடிக்கும்.

மறுநாளே வீட்டுப் படியை உருவாக்கி அந்த இளைஞருக்கு அனுப்பிவைத்தேன். கூடியிருந்த உறவினர்கள் அதற்குள் தத்தம் ஊர்களுக்குத் திரும்பியிருந்தனர். அவரும் அவருடைய தாயாரும் மட்டும் அமர்ந்து பார்த்திருக்கின்றனர். "இப்போது முகம் தெரிகிறது தீதி. ஆனால் அம்மாவுக்குப் புரியும் சில சொற்கள் எனக்குப் புரியவில்லை" என்றார். அச்சொற்களை எழுதி அனுப்புமாறு கேட்டிருக்கிறேன். இதுவரை பதினொரு சொற்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் நான்கு என் அகராதிக் குறிப்பில் இல்லாதவை.

உங்கள் வன்தட்டுகளில் 'ஓடாதவை' என்று ஒதுக்கிவைத்த கோப்புகள் இருக்குமானால், தயவுகூர்ந்து இன்று அவற்றை அழிக்காதீர்கள்.