ஒன்பதாம் வகுப்பில் நின்றுபோகும் சோதனை

2022 நவம்பரில் தமிழக அரசுப் பள்ளிகளுக்கு, அறிவியலைச் சோதனைகள் மூலம் கற்பிக்கும் வானவில் மன்றம் வந்தபோது மனம் நிறைந்தது. ஆனால், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைதான் அது. கேள்விகள் பெருகும் வயதில், ஒன்பதாம் வகுப்பில், மின்மோட்டார் வெறும் கரும்பலகைப் படமாகிவிடுகிறது. அதுவும் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இலேயே மோட்டார் செய்த கோவையில்! கணபதிப் பக்கம் வைண்டிங் பட்டறைகளுக்கா பஞ்சம்? எரிந்துபோன பம்புசெட் மோட்டார் ஒன்றை வாங்கி வந்து மாணவர்களையே பிரிக்கச் சொல்லலாம். பிறகு செம்புக் கம்பியைச் சுற்றி, காந்தத்தருகே வைத்து, பேட்டரியை இணைக்கட்டும். சுழலவில்லையா, இன்னும் நல்லது, காரணத்தைத் தேடுவார்கள். பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வின் 25 மதிப்பெண்ணுக்காக மட்டும் ஆய்வகத்தைத் திறப்பது போதாது. மன்றத்தைப் பத்தாம் வகுப்புவரை அரசு நீட்டிக்க வேண்டும்.