மூன்று வருஷம் காத்திருந்து கிடைத்த டியெஸ்டோ

2011இல் டியெஸ்டோவின் மிக்ஸ் அல்பம் ஒன்று வந்தது. 'கிளப் லைஃப்: வால்யூம் வன் - லாஸ் வேகாஸ்'. 2008இல் வந்த 'இன் சேர்ச் ஒஃப் சன்ரைஸ் 7: ஏசியா'வுக்குப் பிறகு அவர் கோர்த்த மிக்ஸுக்காகக் காத்திருந்த ஆக்களில் நானும் ஒருத்தன். ஏழெட்டுத் தரம் முழுசாகக் கேட்டாச்சு. பிடிக்கேல்லை.

இதைச் சொன்ன உடனே கம்பஸில் இரண்டு பக்கத்தாலும் அடி விழுகுது. ஒரு பக்கம், 'அவர் ட்ரான்ஸை விட்டிட்டார், இனி அவ்வளவுதான்' எண்டு ஒப்பாரி வைக்கிற கூட்டம். மற்றப் பக்கம், 'கலைஞன் மாறத்தானே வேணும், நீங்கள்தான் 2003இலேயே நிக்கிறீங்கள்' எண்டு வகுப்பெடுக்கிற கூட்டம். இரண்டும் ஒரே இடத்தில்தான் நிக்குது: எந்த வகை இசை எண்டதில். என்ர பிரச்சினை அதில்லை. 2009இல் 'கெலைடொஸ்கோப்' வந்தபோதே அவர் ட்ரான்ஸை விட்டு வெளிக்கிட்டிட்டார். ஐஸ்லாந்துப் பாடகர் யோன்சியின் குரலோடு வருகிற அந்தத் தலைப்புப் பாட்டு எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். ஆள் மாறினதில் எனக்குக் கோபமே இல்லை.

ஆனால் மிக்ஸ் அல்பம் எண்டது வேற சாமான். அதில் முக்கால்வாசிப் பாட்டு மற்ற ஆக்கள் செய்தது. டீஜேயின் கைவேலை அதுகளைக் கோர்க்கிறதில்தான் இருக்கு. ட்ரான்ஸ் பாட்டொன்றை முழு நீளத்தில் கேட்டுப் பாருங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு நிமிஷமளவுக்கு வெறும் தாளம்தான் போகும். தனியாகக் கேக்கிறவனுக்கு அது அலுப்பு. டீஜேக்கு அதுதான் தையல் விளிம்பு. வேகத்தைச் சரிக்கட்டி, சுருதியும் ஒத்து வருகுதா எண்டு பார்த்து, ஒன்று மங்க மங்க மற்றதை உள்ளே விடுவார். எந்த இடத்தில் மாறினது எண்டு பிடிக்க ஏலாது. கேக்கிற எங்களுக்கு ஒரு மணித்தியாலம் ஒரே மூச்சாகப் போனது போல இருக்கும்.

'இன் சேர்ச் ஒஃப் சன்ரைஸ்' தொடரை 1999இல் தொடங்கினபோதிருந்தே டியெஸ்டோ இதில் மன்னன். பனாமா, லத்தீன் அமெரிக்கா, லொஸ் ஏஞ்சலஸ், இபிஸா எண்டு ஊர்ப்பெயர்கள். (அந்த ஊர்களின் இசை உள்ளே இருக்குதா எண்டு தேடாதீங்கோ. 'ஏசியா'வுக்குள்ளும் எங்கட ஆசியா இல்லை.) 2005இல் வந்த நாலாவதில் இருந்து இரண்டு இறுவட்டுகள். மெதுவாகத் தொடங்கும், குரல்கள் வந்து போகும், பெரிய அடி விழுகிறதுக்கு அரை மணித்தியாலம் கூடப் பொறுத்திருப்பார். இபிஸாவை நான் முழுசாகக் கேட்டது கொழும்புக்குப் போகிற இரவு பஸ்ஸில். வவுனியா தாண்டும்போது போட்டது, பக்கத்து சீட்டு அண்ணை என்ர தோளில் நித்திரை கொண்டதைக்கூட நான் கவனிக்கேல்லை.

இந்த அல்பத்தில் அந்தப் பொறுமைதான் காணாமல் போயிருக்கு. ஒரே இறுவட்டு. தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே உச்சம், பிறகு அடுத்த உச்சம், பிறகு இன்னொன்று. பில்ட் அப், ட்ரொப், கை தூக்கு. தன்னைப்போல பிரெடா ஊர்க்காரரான ஹார்ட்வெல்லோடு சேர்ந்து செய்த 'ஸீரோ 76' இருக்கே, தனியாகப் போட்டால் நல்ல ஆட்டப் பாட்டு. ஆனால் எல்லாமே கத்தினால் எது கத்தல்? பாட்டுகள் ஒன்றையொன்று தொடுகிறதில்லை, பின்னால் நிக்கிறது முன்னால் நிக்கிறதைத் தள்ளிவிடுகுது. கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் ராகத்தை விரிக்கத் தொடங்கின உடனே 'சினிமாப் பாட்டு வாசி' எண்டு கத்துற ஆக்களைப் பார்த்திருப்பீங்கள். இங்கே யாரும் கத்துறதுக்கு முதலே இவர் வாசிச்சிட்டார்.

லாஸ் வேகாஸ் எண்டு பெயரிலேயே சொல்லியிருக்கிறார்தானே, அங்கே இரவுக்குக் காசு கட்டி வாற சனத்துக்கு இதுதான் தேவை எண்டு ஒரு நண்பர் சொன்னார். இருக்கலாம். ஆனால் 2003இல் ஆர்ன்ஹெமில் 25,000 பேரை ஒற்றை ஆளாக மணிக்கணக்கில் கட்டி வச்சவர் இவர். 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில், நாடுகளின் அணிவகுப்பு முழுக்க நேரடியாக வாசிச்சவர். அத்தனை சனமும் பொறுத்திருந்து கேட்டுதுதானே. சனத்துக்குப் பொறுமை இல்லை எண்டு முடிவெடுத்தது சனமா, அவரா?

இன்னொன்று. இந்தப் பாட்டுகளைத் தனித்தனியாக யூடியூபில் தேடிக் கேக்கலாம், நானே வரிசைப்படுத்திப் போனில் போடலாம். அப்படியிருக்க ஒரு டீஜேயின் பெயர் போட்ட மிக்ஸை நான் ஏன் வாங்க வேணும்? என்னால் செய்ய ஏலாத ஒன்றை அவர் செய்து தருவார் எண்டுதான். கோர்க்கிற வேலையை விட்டால் மிஞ்சுறது வெறும் பட்டியல். பட்டியல் போட எனக்கும் தெரியும்.

'வால்யூம் வன்' எண்டு போட்டிருந்தார், 2012இல் இரண்டும் வந்தது.  இப்போதைக்கு 'ஸீரோ 76'ஐ மட்டும் பென் டிரைவில் வச்சிட்டு மற்றதெல்லாத்தையும் அழிச்சாச்சு. இடம் கிடைச்சதுக்கு இபிஸாவின் இரண்டு இறுவட்டையும் திரும்ப ஏத்தியிருக்கிறன், ஆருக்கும் வேணுமெண்டால் கேளுங்கோ.